பாக் துரையின் வாரிசுகள்

ஆவடி ராணுவ முகாமின் வாசலிலேயே பொன்னியம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டாள். வெள்ளானூரிலிருந்து அவள் பின்னால் பாதி ஊர் நடந்து வந்திருந்தது.

"அழுகைய அப்புறம் வெச்சிக்கலாம். மொதல்ல முன்னாடி போய் குந்துங்க. ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் கர்னல் என்னைத் தொலைச்சிடுவாரு" என்று விரட்டினான் வரதன். யுத்தம் தொடங்கியதிலிருந்து முகாமில் துரைமார்களுக்கு மொழிபெயர்ப்பவன் அவன்தான். காலையில் ஊருக்குள் வந்து பாக் துரையின் சாவைச் சொன்னவனும் அவனே.

கொட்டகையில் மாலை போட்ட படம் ஒன்று. சுருள் சுருளாக முடி வைத்த பருத்த துரை. படத்துக்குப் பக்கத்தில் நான்கு வெள்ளைக்காரர்கள் பிடிலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய பிடில் ஆள் உயரம் இருந்தது.

கர்னல் எழுந்து பேசினார். வரதன் தமிழில் சொன்னான்.

"இப்ப வாசிக்கப் போறது பாக் துரை கட்டின பாட்டு. அடுத்தது, அதைக் கேட்டு இன்னொருத்தர் கட்டினது. அதைக் கேட்டு வேற ஒருத்தர் கட்டினது மூணாவது. எல்லாத்துலயும் இவரு சாயல் கீதாம்."

"இத்தினி வாரிசு கீது, ஒருத்தன்கூட மொட்டை அடிக்கலியே!" என்றார் ஊர் நாட்டாமை நாகப்பன்.

முதல் பாட்டு முடிந்ததும் துரைமார்கள் கைதட்டினார்கள். பொன்னியம்மா திடுக்கிட்டாள். "இன்னா நைனா இது, சாவு ஊட்ல கை தட்றாங்க?"

"அவுங்க மொறை அது. நீங்களும் தட்டுங்க" என்றான் வரதன்.

வெள்ளானூர் துக்கத்தோடு கைதட்டியது.

மூன்றாவது பாட்டில் பெரிய பிடில் மட்டும் தனியாக முனகியது. பொன்னியம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சீமையில பொறந்த ராசா, சீந்த ஒரு நாதி இல்லாம போனியே!"

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய பிடில்காரர் வில்லை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவள் ஒப்பாரிக்கு அடியிலேயே மெல்ல இழுக்க ஆரம்பித்தார். கர்னல் கைக்குட்டையை எடுத்துக் கண்களைத் துடைத்தார்.

எல்லாம் முடிந்ததும் கர்னல் நேரே பொன்னியம்மாவிடம் வந்து கைகூப்பி ஏதோ சொன்னார்.

"லண்டன்லகூட இவருக்கு யாரும் இப்டி அழுவலியாம்" என்றான் வரதன், வியர்வையை வழித்தபடி.

நாகப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அது கெடக்கட்டும்டா. பொழுது சாயுது. பொணத்தை எப்ப எடுப்பாங்க?"

வரதன் கர்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"எடுத்து எரநூறு வருசம் ஆவுது மாமே!"