மீன் காசுக்கு எத்தனை வயசு?

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு வெளிநாட்டுக் காசும் ஒரு சட்டைப் பொத்தானும் குடியிருந்தன. காசின் முதுகில் ஒரு மீன், மீனின் வாலடியில் காசு பிறந்த வருஷம்.

பழைய மீன் காசெல்லாம் இனி செல்லாது என்று ஒருநாள் செய்தி வந்தது. வயசு தெரிந்தால் யாரும் தன்னைத் தொடமாட்டார்கள் என்று காசு நடுங்கியது. புளியில் புரண்டு உடம்பைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டது. வருஷத்தின் மேல் மட்டும் புளியை அப்படியே காயவிட்டது.

“ஏண்ணே, அங்கே தேய்க்கலையா?” என்றது பொத்தான்.

“உன் வேலையைப் பாரு!”

செல்லாத காசை மாற்றித் தரும் வங்கிக் கவுண்டருக்கு டப்பா வந்து சேர்ந்தபோது அதுதான் கடைசி நாள். பூதக்கண்ணாடி குனிந்தது. “வயசு என்ன?”

“போன வருஷம்தான் பிறந்தேன். நான் செல்லுற காசுங்க.”

“அப்போ இங்கே எதுக்கு வந்தே? நாங்க பழசைத்தான் மாத்துவோம். வருஷமே தெரியலைன்னா உருக்கத்தான் போடணும்.”

காசு பொத்தான் பக்கம் புரண்டது. “தம்பி, சுரண்டுப்பா, சீக்கிரம்!”

பொத்தான் தன் விளிம்பால் சுரண்டியது. புளி உதிர்ந்தது.

“நாற்பத்தொன்பது வயசு! முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? தட்டுல ஏறு” என்றது பூதக்கண்ணாடி.

அப்பாடா என்று காசு தட்டில் சாய்ந்தது. பக்கத்தில் கிடந்த இன்னொரு மீன் காசு, “எனக்கு நாற்பத்தெட்டு” என்று கூச்சத்தோடு சொன்னது.

“சின்னப் பையன்! எனக்கு ஐம்பது நடக்குது” என்றது இது.