உடம்பில் ஒட்டும் தீனி

கோழிகளுக்காகப் புழு வளர்க்கும் கொட்டகையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் போட்டி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டிகள். யார் போடும் தீனி புழுவின் உடம்பில் நன்றாக ஒட்டுகிறதோ, இனி அந்தத் தீனிதான் பண்ணை முழுக்க. தோற்றவர் எல்லாத் தொட்டியையும் கழுவ வேண்டும்.

வாரக் கடைசியில் தராசைப் பார்த்தவன் குதித்தான்.

"நீ போட்ட தீனியை விடப் புழுவோட எடை அதிகமா ஏறியிருக்கு! இது எந்த ஊர் நியாயம்?"

"என் கைராசி" என்றாள் அவள். "உங்க தொட்டியில பாதித் தீனி அப்படியே கிடக்குதே, ஏனாம்?"

"ஏதோ தில்லுமுல்லு பண்ற. கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு."

மதியம் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தான். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் அவனுடைய புழுக்கள் தொட்டியின் ஈரச் சுவரில் வரிசையாக ஏறி, அவளுடைய தொட்டிக்குள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன.

"வெட்கங்கெட்டதுங்களா!" என்று கத்தினான். "பொறந்து வளர்ந்த இடத்தை விட்டுட்டு, சாப்பாடு ருசியா இருக்குன்னு அங்கேயே போய் ஒட்டிக்கிட்டீங்களே! மானம் ரோஷம் எதுவும் கிடையாதா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப எதுக்குச் சிரிக்கிற?"

அவள் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய அம்மாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை! சாப்பாடு ஆறுது, வாங்க!"

கல்யாணமான புதிதில், இரண்டே நாளில் திரும்பிவிடுவதாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவன், பத்து வருஷமாகக் கேட்கும் அந்தக் குரல் வந்த பக்கமாகக் கை கழுவப் போனான்.