முப்பத்தொன்றாவது முடிச்சு

"என் நோட்டைத் திறந்தீங்களா இல்லையா, அதை மட்டும்..."

"திறக்கலைன்னு எத்தனை தடவைட்டி சொல்ல? சமன்பாட்டைத் தீர்த்தேன், முப்பது விடை வந்துச்சு, அம்புட்டுதான்..."

"அதெப்படி, அச்சடிச்ச மாதிரி முப்பது?"

அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். கட்டுரையின் தலையில் அவர் பெயர் மட்டும்.

ஒரே வீடு, ஒரே கல்லூரி, ஒரே கணிதத் துறை. கணவர் இயற்கணிதம். அவள் முடிச்சுக் கணிதம்.

பாவாடை நாடாவை முடிந்து, நுனிகள் இரண்டையும் சேர்த்துத் தைத்து, தான் எடுத்துக்கொண்ட ஒரு வகையில் மட்டும் எத்தனை தினுசு உண்டென்று ஐந்து வருடமாக எண்ணுகிறாள். அறுக்காமல் இழுத்தே ஒன்றை இன்னொன்றாக்க முடிந்தால் இரண்டும் ஒன்று. விதி அவ்வளவுதான்.

"நாடாவுக்கும் உங்க சமன்பாட்டுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?"

"ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு விடை இருக்கு ஜெசிந்தா. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. விடை முப்பதுன்னா முடிச்சும் முப்பதுதான்."

அவள் சிரித்தாள். இதற்குத்தானே காத்திருந்தாள்.

"நோட்டுல இருக்கிற அந்த முப்பது பொய். நோட்டு வச்ச இடத்துல இல்லைன்னு தோணிச்சு பாருங்க, அன்னைக்கே உங்க கண்ணுல படட்டும்னு எழுதி வச்சேன். நிஜக் கணக்கு முப்பத்தொண்ணு. நாடா அத்தனையையும் பீரோவுக்குள்ள, பிஸ்கட் டப்பாவுல பூட்டி வச்சிருக்கேன்."



அவர் முகத்தில் திருட்டு முழி தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்த மாதிரியும் இருந்தது.

"அப்படின்னா உன் டப்பாவுல ஏதோ ரெண்டு முடிச்சு ஒண்ணுதான்" என்றார். "இழுத்துப் பாரு."

டப்பாவை எடுத்து வந்து அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக இழுத்தாள். சுழற்றினாள். கண்ணியைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். இல்லை. இல்லை. இதுவும் இல்லை.

அந்தி சாய்ந்ததும் எழுந்து போய் விளக்கைப் போட்டவர் அவர்தான்.

இருபத்தெட்டாவதை எடுத்தாள். பச்சை நாடா. ஒரு வளையத்தை நெகிழ்த்தி, வெளியே சுற்றிக் கொண்டுவந்து விட்டாள்.

விரல்கள் நின்றன.

வெள்ளை நாடாவில் இருந்த பதினொன்றாவதை அதன் பக்கத்தில் வைத்தாள்.

நிறம் மட்டும்தான் வேறு.

ஐந்து வருடம் இரண்டையும் இரண்டு என்று எழுதியிருக்கிறாள். ஆக, முப்பதுதான்.

பின்னால் நாற்காலி முனகியது. அவர் எட்டிப் பார்க்கிறார்.

பீரோ சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. இருந்தாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"டப்பாவை எப்பத் திறந்தீங்க?"