ஹெரான் ஏரிக் கப்பல்

“அதை யாராவது தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்! நம்ம ஏரியோட பாரம்பரியம் அது!” என்று இர்மா மேசையில் தட்டிய தட்டில், வான்கோழித் துண்டு ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது.

நன்றித் திருநாள் விருந்துக்குக் கூடியிருந்த ஹெரான் ஏரிக்கரைக்காரர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கோடையில் மழையே இல்லை. போதாக்குறைக்கு, இலையுதிர்கால வழக்கப்படி அணையையும் திறந்துவிட்டிருந்தார்கள். ஏரி வற்றி, நடுவில் நான்கைந்து கறுத்த மரக்கட்டைகளும் துருப்பிடித்த ஓர் இரும்பு வளையமும் தலைகாட்டின.

அந்தக் காலத்தில் சீமாட்டிகள் உலாப்போன நீராவிக் கப்பலின் மிச்சம் அது என்று கண்டுபிடித்துச் சொன்னவள், ஏரிக்கரைப் பாரம்பரியச் சங்கத்தின் செயலாளர் இர்மாதான். பித்தளையில் பெயர்ப்பலகைக்கு ஆர்டர்கூடக் கொடுத்தாகிவிட்டது.

“கப்பலாவது கத்தரிக்காயாவது!” என்றார் அவள் கணவர் வெர்னன். “என் மோட்டார் படகு ரெண்டு தடவை அதுல இடிச்சிருக்கு. நாளைக்கே டிராக்டர் கட்டி இழுத்துக் கரையில போடணும். உள்ள என்னதான் இருக்குன்னு எல்லாரும் பார்க்கட்டுமே!”

இர்மா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“இழுத்தா உதிர்ந்துபோயிடும் வெர்னன். அது பாட்டுக்கு அங்க கிடக்கட்டும்.”

வெர்னனைப் பேசி ஜெயித்தவர் அந்தக் கரையில் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவரின் காப்பி ஆறி, காதும் புளித்துவிடும். அதிலும் ஏரி உறைவதற்குள், படகு கட்டும் மிதக்கும் மரமேடையைக் கரையேற்றுவது பற்றி ஆரம்பித்துவிட்டால் தீர்ந்தது கதை. மேடையைத் தண்ணீரிலேயே விட்டுப் பனிக்கட்டிக்குக் கொடுப்பவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரின் மேடையே ஒரு குளிர்காலத்தில் காணாமல் போனது. பக்கத்து காட்டேஜ் லாயிட்தான் திருடிவிட்டார் என்று முடிவுகட்டி, அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். இருபது வருஷம் ஆகிறது.

சங்கத்து ஆட்கள் கை தூக்கினார்கள். இழுக்கலாம் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. மூலையில் உட்கார்ந்து பூசணிக்காய் கேக்கை ரசித்துக்கொண்டிருந்த லாயிட் மட்டும் கையைத் தூக்கவே இல்லை.

“அந்த மேடைத் திருடன் என்ன சொல்றான்னு யாராவது கேளுங்கப்பா!” என்றார் வெர்னன், கூரையைப் பார்த்து.

லாயிட்டின் படகும் அதே கட்டையில் இடித்து ஓட்டையானது ஊருக்கே தெரியும். எல்லாம் போச்சு என்று இர்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருந்துட்டுப் போகட்டும். யாரும் தொட வேணாம்,” என்றார் லாயிட்.

“எல்லாம் என் மேல இருக்கிற வயித்தெரிச்சல்!” வெர்னன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினார். காற்றில் மேப்பிள் சருகுகள் உள்ளே பறந்து வந்தன.

போன உயிர் திரும்பிய இர்மா, இன்னொரு துண்டு கேக்கோடு லாயிட்டிடம் போனாள்.

“ரொம்ப நன்றி லாயிட். பழைய கப்பல் மேல உனக்கு இவ்வளவு பிரியமா?”

“எந்தக் கப்பல்?” லாயிட் குரலைத் தாழ்த்தினார். “உங்க மேடைக்கு அந்த வளையத்தை அடிச்சுக் கொடுத்ததே நான்தானே! வெர்னன் மூஸ் மான் வேட்டைக்குப் போன வருஷம், மேடையைக் கரையேத்த ஆள் கூப்பிட நீ மறந்துட்டே. பனிக்கட்டி இழுத்துட்டுப் போயி அங்க போட்டிருக்கு. அடுத்த கோடையில என் படகு இடிச்சப்பவே குனிஞ்சு பார்த்துட்டேன்.”

இர்மா தட்டை அவர் முன்னால் வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் திருடன்னு பேர் சுமந்தே? என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னா?”

“நீ வேற!” லாயிட் நிம்மதியாகக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். “அது உங்க மேடைதான்னு தெரிஞ்சா, உன் வீட்டுக்காரன் மறுபடியும் என்கூடப் பேச ஆரம்பிச்சுடுவானே!”