தூக்கக் கூடாத பிள்ளை

"சாயங்காலத்துக்குள்ள இந்த மாடியையே கீழ இறக்கிடறேன் சார்" என்றார் எத்திராஜ்.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றிருந்த சுரேஷ்பாபு சிரித்துவிட்டார். ஊனமுற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சான்று எழுதித் தருகிற அரசாங்க முகாமுக்கு அவர்தான் பொறுப்பு அதிகாரி. மாடி ஏறாமல் கிடந்த மனுக்களை எத்தனையோ பார்த்திருக்கிறார், மாடி இறங்கிய ஆபீஸைப் பார்த்ததில்லை. நடக்கிற காரியமாகப் பேசுங்கள் பெரியவரே, பாப்பாவைத் தூக்கி வந்தால் ஐந்து நிமிஷத்தில் பார்த்து அனுப்பிவிடுவோம் என்றார்.

எத்திராஜ் தூக்கவில்லை.

அவர் பேத்தி காவ்யா கீழே முதல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால் பலமில்லை. சமதரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். படி மட்டும் ஆகாது.

நகரியில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு கீழே, நான்காம் வகுப்பு மாடியில். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளை, அதனாலேயே இரண்டாவது வருஷமும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பிள்ளையால் மாடி ஏற முடியாது என்று திருப்பதி முகாமில் ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள், வகுப்பையே கீழே மாற்றிவிடுகிறேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்.

போன தடவை அந்த ஒரு வரி கிடைக்காமல் போனதற்குப் பாசம்தான் காரணம். காவ்யாவின் நைனா முரளிதரன் மகளைத் தோளில் வைத்து, சாமி புறப்பாடு மாதிரி மாடிக்குக் கொண்டுபோய் நாற்காலியில் இறக்கினான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் காவ்யா டக்கு டக்கென்று பதில் சொன்னாள். சுவரோரமாகக் கொஞ்சம் நடந்தும் காட்டினாள்.

மாடிக்கு வந்து கலந்துகொண்டார், சிறப்பு உதவி தேவையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அம்மா தாட்சாயணி விடவில்லை. மேல்முறையீடு போட்டாள். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். கடைசியில், சரி, மறுபடியும் பார்க்கிறோம், வாருங்கள் என்றார்கள்.

அதே கட்டடம். அதே மாடி.

புருஷனை அனுப்பினால் மனசு கேட்காமல் மறுபடியும் தூக்கிவிடுவான். ஆகவே மாமனாரை அனுப்பினாள். அவருக்கு அவள் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை மேல் ஒருத்தர் கையும் படக் கூடாது.

அது சாமானிய வேலை இல்லை. நம் பக்கத்து ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. படியில் ஒரு குழந்தை திகைத்து உட்கார்ந்திருந்தால் பெயர்கூடக் கேட்காமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள்.

எத்திராஜ் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தான் வேலைக்குச் சேர்ந்தபோது ஏழு மலையில் ஆறுதான் இருந்தது, ஏழாவதுக்குத் தன் பஸ்ஸில்தான் கல் வந்தது என்று சாதிக்கிறவர். அந்த வாய் அன்றைக்குத்தான் உதவிக்கு வந்தது.

நாயுடுபேட்டை ஆள் ஒருத்தர் தூக்கக் குனிந்தார். இவளைத் தூக்கப் போய்தான் உங்க ஊர் கிரேன் மல்லாந்து கிடக்குது என்றார் எத்திராஜ். அடுத்து வந்தவரிடம், போன தடவை தூக்கினவர் இன்னும் மாவுக்கட்டோடு இருக்கிறார் என்றார். மூன்றாவது ஆள் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கினார்.

"பதினேழு கிலோதான் தாத்தா நானு" என்று முணுமுணுத்தாள் காவ்யா.

அவளுக்குப் பின்னால் சாந்திபுரத்துப் பொன்னியம்மா நின்றிருந்தாள். மீசை அரும்பிய மகனை முதுகில் உப்பு மூட்டை மாதிரி சுமந்திருந்தாள். ஏன் தூக்க விடமாட்டேன் என்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது, எத்திராஜ் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எதையும் கூட்டாமல் சொன்னார்.

பொன்னியம்மா படிகளைப் பார்த்தாள். முதுகிலிருந்த மகனைப் பார்த்தாள்.

மெதுவாக அவனை இறக்கிக் காவ்யா பக்கத்தில் உட்கார வைத்தாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

அவளுக்கு அடுத்து நின்றவளும் இறக்கினாள். பிறகு அதற்கடுத்தவள்.

எத்திராஜ் கணக்கில் அந்த வரிசை மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் போனது. ஆபீஸ் கேட்டைத் தாண்டவில்லை என்பது காவ்யாவின் கணக்கு.

மேலே மின்விசிறி சுற்றியது, டாக்டர்கள் காத்திருந்தார்கள், பிள்ளைதான் ஒன்றும் வரவில்லை. சுரேஷ்பாபு மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தார். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. யாரும் கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர் அதட்டுவதற்கு வாயைத் திறந்தார். காவ்யா முந்திக்கொண்டாள்.

"தூக்கினு வந்தா, நானே வந்தேன்னு எழுதிடுவீங்க சார். நான் வரல."

சுரேஷ்பாபு அவளையே பார்த்தார். பிறகு திரும்பிப் போனார்.

முதலில் ஒரு நாற்காலி இறங்கியது. அப்புறம் மேஜை. அதன் பின்னால் டாக்டரம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளின் விரல்களை மிதித்துவிடாமல் ஒவ்வொரு படியாக.

காவ்யாவின் முறை வந்தபோது சுரேஷ்பாபுவின் போன் அடித்தது. பெரிய ஆபீஸர். மாடியில் ஈ காக்கை இல்லையாமே, முகாமைக் கீழே நடத்துகிறீர்களாமே, நிஜமா?

சுரேஷ்பாபு வாயைப் பொத்திக்கொண்டு தெலுங்கில் என்னவோ சொன்னார். படிக்கட்டடியில் சிக்னல் சரியில்லை. திரும்பச் சொன்னார். அந்தப் பக்கம் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை.

டாக்டரம்மா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியில் சுரேஷ்பாபு கட்டடமே கேட்கிற மாதிரி கத்தினார். தெலுங்கில்தான் கத்தினார். இரண்டு பாஷையும் பழகிய ஆந்திர எல்லைத் தமிழர்களுக்கு அது தமிழாகவே கேட்டது.

"நிஜம்தான் சார், கீழதான் நடக்குது. காவ்யான்னு ஒரு பாப்பா சார். அவளால மாடி ஏற முடியாது."