மங்கலான மூலை

“தம்பி, இது போட்டோவோ, புகையோ?”

கதிரையில் இருக்கச் சொல்வதற்கு முன்பே வரதராஜா கேட்டுவிட்டார். படமெடுத்த அஸ்கரின் முன்னால் கல்யாண ஆல்பத்தின் நடுப்பக்கம் விரிந்து கிடந்தது.

மணவறைப் படியில் கால் வைக்கிற மகள் கஜந்தி பளிச்சென்று இருந்தாள். மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மண்டபத்தின் முன்வரிசையும் தெளிவாகத்தான் இருந்தது. இடது மூலை மட்டும் நீராவி படிந்த கண்ணாடி மாதிரி.

“பொம்பிளை வடிவா வந்திருக்கிறாதானே அங்கிள்,” என்றான் அஸ்கர்.

“பொம்பிளையை நான் வீட்டிலயே பார்ப்பன். அந்த மூலையில நிக்கிறது ஆர் தெரியுமோ? டொக்டர் ஆனந்தராஜா.”

டொக்டர் ஆனந்தராஜா மெல்பேர்னில் பெரிய இதய நிபுணர். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கும் இலேசில் வராதவர். அவர் வந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் படம். அதைப் பெரிதாக்கி மாட்டுவதற்குச் சுவரில் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை ஊருக்குப் போகிற ஒருவரிடம், வவுனியாவில் இருக்கிற அக்காவுக்கும் ஓர் ஆல்பம் கொடுத்துவிட வேண்டும். தன் தம்பியின் சபையில் எப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள் என்று அவளும் பார்க்கட்டுமே.

“லதீஸின்ர கதையைக் கேட்டு உம்மைப் பிடிச்சது என்ர பிழை.”

லதீஸ் அந்த அக்காவின் மகன். போன வருடம் அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிக விசாவில் டண்டினொங்கில் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. அஸ்கரைப் பிடித்துத் தந்தவன் அவன். ஆல்பம் அடிப்பதற்கு முன் படங்களைப் பார்த்துவிட்டு வரும்படி வரதராஜா ஸ்டூடியோவுக்கு அனுப்பியதும் அவனைத்தான். மூலை மங்கல் என்று அவர் போனில் சத்தம் போட்டபோது, இருக்கட்டும் விடுங்கோ மாமா என்று மட்டும் சொன்னான். சிநேகிதனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மனைவி சந்திரவதனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “டொக்டர் வந்து போனதில இருந்து இவருக்கு மாப்பிள்ளையின்ர முகமே மறந்துபோச்சு,” என்றாள். பக்கத்தில் இருந்த கஜந்தி சிரித்தாள்.

“உமக்கு ஏலாதெண்டா நான் செய்து காட்டுறன்.”

வரதராஜா மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். கலங்கின படங்களைத் தெளிவாக்குகிற பிளகின் ஒன்றை அண்மையில்தான் இலவசமாக இறக்கியிருந்தார். பழைய படங்கள் சிலவற்றை அதில் சரிசெய்து பார்த்ததில், தனக்கும் இந்தத் தொழில் தெரியும் என்ற எண்ணம் வந்திருந்தது. அஸ்கர் கொடுத்த சீடியைப் போட்டு அதே படத்தைத் திறந்தார்.

அஸ்கர் கதிரையின் நுனிக்கு வந்தான். “வேண்டாம் அங்கிள். வேற படம் ஒண்டைப் பெரிசாக்கித் தாறன்.”

“ஏன், பயமாக்கிடக்கோ?”

“உங்களுக்காகத்தான் சொல்லுறன்.”

அந்தப் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மங்கலான மூலையைத் தெரிவுசெய்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

முதலில் டொக்டரின் கழுத்துப்பட்டி வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி. பார்த்தியளோ என்கிற மாதிரி வரதராஜா எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னும் கூட்டினார்.

டொக்டர் நின்றுகொண்டிருந்தார், ஒரு கதிரை காலியாவதற்காக. அந்தக் கதிரையில் இருந்து நீலச் சட்டை போட்ட ஒருவன் பாதி எழும்பியிருந்தான். அவனுடைய முழங்கைக்கு மேலே ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விரல் தன்பாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது.

எழும்பினவன் லதீஸ். சிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்த கையில், கல்யாணத்துக்கென்று கஜந்தி வாங்கிக் கொடுத்த மணிக்கூடு. கைக்கு மேலே, பல்லைக் கடித்துக்கொண்டு, வரதராஜா.

“அப்பா, அது நீங்களோ?” என்றாள் கஜந்தி.

அன்று லதீஸின் காதுக்குள் தான் சொன்னது வரதராஜாவின் நினைவுக்கு வந்தது. நீ வீட்டு ஆள்தானே, பின்னுக்குப் போய் நில். எவ்வளவு வசதியான சொல்லாக இருந்தது அது. மண்டபத்துக் கதிரைகளை முதல்நாள் முழுக்க அடுக்கினவன் அவன். அக்காவிடம் போனில், உன்ர பிள்ளை முன்வரிசையில இருந்தவன் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அது பொய் என்றும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் இருந்தவன்தானே.

சந்திரவதனா ஒருவரும் குடிக்காத தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

தொலைக்காட்சி பெரியது. சின்னது போதும் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் வாங்கியது. அதில் எங்கே பார்த்தாலும் அந்தக் கைதான் தெரிந்தது.

வரதராஜா அஸ்கரின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இதைத் திரும்ப மங்கலாக்கலாமோ?”

அஸ்கர் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“படம் தெளிவாத்தான் வந்தது அங்கிள். லதீஸ்தான் எனக்குப் பக்கத்தில இருந்து மங்கலாக்குவிச்சவன். மச்சாளின்ர வடிவான படம், விடவும் ஏலாது, ஆனா அம்மா இதைப் பார்த்தா மாமாவோட கதைக்காமல் விட்டிடுவா, அவவுக்கெண்டு இருக்கிறது ஒரு தம்பிதானே எண்டவன்.”