வெல்லம் ஒட்டிய விரல்

குமரக்கோட்டத்து முருகனுக்குப் பொங்கல் வைக்க வெல்லம் நசுக்கிக்கினு இருந்த கையோடவே புவனேஸ்வரியம்மா வந்து நாற்காலியில உட்கார்ந்திருக்குது. காலையிலேருந்து பட்டினி. மேல்கையில ஒட்டியிருக்கிற வட்டச் சென்சார், சர்க்கரை அறுபத்தெட்டுக்கு இறங்கிப்போச்சுன்னு வீட்டுக்காரர் குப்புசாமியின் போனில் கத்திக்கினே இருக்குது. நான் வெளியே நின்னு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். கம்பிகளோட நிழல் அந்தம்மா மடியில விழுது. கழுத்தெல்லாம் வேர்வை, கை நடுங்குது. "மெஷின் பொய் சொல்லுது. ரத்தம் எடுத்துப் பார்த்து அந்த நம்பரைப் போட்டாத்தான் அடங்கும்" என்று குப்புசாமி அந்தம்மா விரலைப் பிடித்துக் குத்துகிறார். மீட்டரில் முந்நூற்றுப் பத்து. "பாத்தியாடி? வெல்லத்தைத் தின்னுட்டுப் பட்டினின்னு நடிக்கிறியா?" "சாமி சத்தியமா வாயில வைக்கலீங்க." எனக்குப் பொறுக்கலை. "விரல்ல வெல்லம் ஒட்டியிருக்குதுய்யா, கழுவிட்டுப் பாருங்க." "பெயிண்ட் அடிக்க வந்தவன் எப்பப்பா டாக்டர் ஆன? பிரஷ்ஷைப் பாரு." முந்நூற்றுப் பத்தைப் போனில் தட்டுகிறார். கத்தல் நின்றுபோகிறது. சென்சாரும் அந்த நம்பரை நம்பித் தன் கணக்கை ஏத்திக்கினு, திரையில் இருநூற்று எண்பதுன்னு காட்டுது. "இப்ப வழிக்கு வந்துச்சு பாரு" என்று சிரித்துக்கொண்டே இன்சுலின் பேனாவை எடுத்துத் திருகுகிறார். இறங்கிக் கிடக்கிற சர்க்கரையை அந்த ஊசி இன்னும் கீழே தள்ளும். டிக், டிக், டிக் என்று பத்து வரைக்கும் எனக்குக் கேட்குது. அந்தம்மாவால நிமிர்ந்து உட்கார முடியலை. தலை ஒரு பக்கமாச் சாயுது. ஆனாலும் அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே, முந்தானையை ஒதுக்கி வயிற்றைக் காட்டுது.